மறு: கியாரோஸ்கூரோ, டெனெப்ரிசம் – ஒளிநிழலா, ஒளியிருளா?

குழுவினருக்கு வணக்கம்.

பரோக் காலத்துச் சமய ஓவியங்களைப் பற்றிய ஒரு நூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 1600-ஐ ஒட்டி ரோமில் கிளம்பி நேப்பிள்ஸ், செவில், உட்ரெக்ட், லொரேன் என்று பரவிய ஓவியங்கள். இரண்டு சொற்கள் மீன்முள்ளாக நிற்கின்றன. ஒன்று கியாரோஸ்கூரோ. வெளிச்சத்தையும் நிழலையும் படிப்படியாக மாற்றி உருவத்தை உருட்டிக் காட்டும் முறை. இதை இதுவரை 'ஒளிநிழல்' என்று எழுதிவந்தேன். இன்னொன்று டெனெப்ரிசம். படத்தின் பெரும்பகுதியை இருட்டில் விட்டுவிட்டு, முகம், கை, ஒரு துணிமடிப்பு என்று சிலவற்றை மட்டும் வெளிச்சத்தில் கொண்டுவரும் பாணி. முதலில் 'இருண்மைவாதம்' என்று போட்டேன். மறுநாள் காலையில் படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கரவாஜ்ஜோ இருண்மைவாதத்தின் முன்னோடி" என்றால் அந்த இத்தாலிய ஓவியர் ஏதோ தலைமறைவு இயக்கத்தின் தலைவர் போல இருக்கிறார். (1606-ல் ஒருவரைக் கொன்றுவிட்டு ரோமைவிட்டு ஓடிய ஆள்தான், ஆனால் நூல் அதைப் பற்றியது அல்ல.)

இரண்டு சொல்லும் ஒரே பக்கத்தில் ஏழெட்டு முறை வருகின்றன. ஒன்றோடொன்று குழம்பக் கூடாது. பதிப்பகம் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறது.

இன்னொரு சின்னச் சந்தேகம்: படத்தில் ஒரு நிறத்துக்குச் சமயப் பொருள் ஏற்றுவதை 'வண்ணக்குறியீடு' என்பதா, 'நிறக்குறியீடு' என்பதா?

– கோவையிலிருந்து, மொழிபெயர்ப்பவள்

* * *

அம்மா,

'இருண்மை' வேண்டவே வேண்டாம். அதைப் புதுக்கவிதைக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். படித்துப் புரியாத கவிதைக்கு விமர்சகர்கள் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது. இசம் என்று முடிந்தால் உடனே 'வாதம்' என்று ஒட்டுவதும் நம்முடைய பழைய நோய். கியூபிசத்தில் யாரும் யாரோடும் வாதாடவில்லை.

என் கேள்வி வேறு. இரண்டு சொல் எதற்கு? கியாரோ என்றால் தெளிவு, வெளிச்சம். ஸ்கூரோ என்றால் இருட்டு. சொல்லுக்குச் சொல் 'ஒளியிருள்'. இருட்டு கூடுதலாக இருந்தால் 'மிகை ஒளியிருள்'. வேலை முடிந்தது. மூலத்திலேயே இல்லாத 'நிழல்' எங்கிருந்து வந்தது?

– சேலம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

* * *

சேலத்து ஐயாவின் மடலில் முதல் பத்திக்குக் கையெழுத்துப் போடுகிறேன். இந்த நீளமான மடல் இரண்டாம் பத்திக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரித்துப் பார்த்தால் வெளிச்சம், இருட்டு என்று வருவது உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லைப் புழங்கியவர்கள் அதைக்கொண்டு எதைக் குறித்தார்கள்? கரவாஜ்ஜோ பிறந்தது 1571-ல். அதற்கு 55 ஆண்டுகள் முன்பே, 1516-ல், ஊகோ தா கார்ப்பி என்ற மரக்கட்டை அச்சுக் கலைஞர் வெனிஸ் அரசிடம் தனியுரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். ஒரே படத்துக்கு இரண்டு மூன்று கட்டைகள் செதுக்கி, வெளிர்நிறத்தில் ஒன்று, அடர்நிறத்தில் ஒன்று என்று ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிக்கும் முறைக்கு. அதற்கு அவர் சொன்ன பெயர்தான் 'கியாரோ எ ஸ்கூரோ'. அந்த அச்சுப்படங்களில் கும்மிருட்டு எதுவும் கிடையாது. வெளிர், நடு, அடர் என்று படிப்படியாக இறங்கும் சாயல்கள்தான் இருக்கும்.

ஓவியக் கல்லூரியில் முதல் மாதம் எங்களை ஒரு முட்டையின் முன்னால் உட்கார வைத்தார்கள். வெள்ளைத் துணிமேல் வெள்ளை முட்டை, ஒரு பக்கம் ஜன்னல். நாள் முழுக்க அதையே பென்சிலில் வரைய வேண்டும். வெளிச்சம் நேரே படும் இடம், மெல்ல மங்கும் இடம், முட்டையின் முதுகில் அடங்கியிருக்கும் நிழல், துணிமேல் விழுந்து கிடக்கும் நிழல். இவ்வளவும் எனக்குத் தெரிந்தன. ஆசிரியர் வந்து என் பென்சிலை வாங்கி, முட்டையின் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினார். அங்கே, நிழலுக்கு நடுவில், துணியிலிருந்து எகிறி வந்த ஒரு மெல்லிய வெளிச்சம். "இதை விட்டுவிட்டால் முட்டை தட்டையாகிவிடும்" என்றார். கியாரோஸ்கூரோ என்பது அந்த முட்டைதான். உருவத்தை உருட்டி எடுக்கும் வேலை. அங்கே இருக்கும் எதையும் 'இருள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாம் நிழல்தான்.

இருள் எங்கே வருகிறது என்று ரோமில் போய்த்தான் தெரிந்துகொண்டேன். சான் லூயிஜி தேய் ஃபிரான்சேசி தேவாலயத்தில் இடப்பக்கம் கடைசியாக உள்ளது கொன்டரெல்லி சிற்றாலயம். அதன் இடச்சுவரில் 'புனித மத்தேயுவின் அழைப்பு': வரி வசூலிக்கும் மத்தேயுவைக் கிறிஸ்து தம்மோடு வரும்படி அழைக்கும் காட்சி, கரவாஜ்ஜோ வரைந்தது. 1599–1600-ல் தீட்டியது. உயரமும் அகலமும் மூன்று மீட்டரைத் தாண்டும். பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதில் காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். ஆயத்துறையில் காசு எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவனைப் பார்க்க நாமும் காசு போட வேண்டும் என்பது யாரும் திட்டமிட்டுச் செய்த கிண்டல் இல்லையென்றே நினைக்கிறேன்.

விளக்கு எரியும்போது நான் முட்டை வரைந்த பையனாகவே பார்த்தேன். தலைகுனிந்து காசை எண்ணும் இளைஞன், மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு காசை உற்றுப் பார்க்கும் கிழவர், இறகுத்தொப்பிப் பையன்கள், எல்லோருடைய நிழல்களும். பிறகு 'டக்' என்று விளக்கு போனது. கண் பழகும்வரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கிறிஸ்துவின் கன்னத்தில் ஒரு கீற்று, நீட்டிய கை, சுவரில் சாய்வாக இறங்கும் அந்த வெளிச்சப் பட்டை, "என்னையா?" என்பதுபோல விரலை மடக்கிக் காட்டும் தாடிக்காரர். மற்றதெல்லாம் போய்விட்டது. மேசை எது, சுவர் எது, யாருடைய கால் யாருடையது என்று தெரியவில்லை. அது நிழல் அல்ல. நிழல் என்றால் அது யாருக்காவது சொந்தமாக இருக்க வேண்டும்.

என் கட்சி மொத்தமும் இதுதான். தமிழில் 'மரத்தின் நிழல்' உண்டு, 'சுவரின் நிழல்' உண்டு. 'மரத்தின் இருள்' என்று யாரும் சொல்வதில்லை. நிழல் விழும், நீளும், சாயும், கூடவே நடந்துவரும். இருள் சூழும், கவியும், விலகும். இரண்டுக்கும் வினைச்சொல்லே வேறு. நம் மொழியே பிரித்துக் கொடுத்திருக்கும்போது 'ஒளியிருள்' என்று இரண்டையும் ஒரே பானையில் போடுவானேன்? கியாரோஸ்கூரோவுக்கு 'ஒளிநிழல்' இருக்கட்டும். டெனெப்ரிசத்துக்குப் பெயர் இருளிலிருந்து வர வேண்டும்.

வேலை நடந்த விதமும் இதற்கு ஒத்துப்போகிறது. கரவாஜ்ஜோ துணிமேல் முதலில் செம்பழுப்பான அடிப்பூச்சு கொடுத்துவிட்டு அதன்மேல்தான் தீட்டுவார். பல இடங்களில் அந்த அடிப்பூச்சையே அப்படியே விட்டு, அதையே படத்தின் மங்கலாக வைத்துக்கொள்வார். வெள்ளைத் தளத்தில் நிழல் சேர்ப்பது பழைய வேலை. இவர் இருட்டான தளத்தில் வெளிச்சம் சேர்க்கிறார். அவர் காலத்தை ஒட்டி எழுதிய மான்சினி என்ற மருத்துவர், இந்தக் கூட்டத்தின் வெளிச்சத்தை, சுவர்களுக்குக் கறுப்பு பூசிய அறையில் ஒரே ஒரு ஜன்னல் வழியாக மேலிருந்து வருவதுபோல என்று விளக்குகிறார். 1672-ல் பெல்லோரி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது குற்றச்சாட்டாகவே வருகிறது: இந்த ஆள் உருவங்களை வெயிலுக்கே கொண்டுவருவதில்லை, மூடிய அறையின் பழுப்புக் காற்றில் நிறுத்தி உயரத்தில் ஒரு விளக்கைத் தொங்கவிடுகிறார் என்று. 1605-ல் வீட்டுக்கார அம்மா வாடகை பாக்கிக்கும், உடைந்த மச்சுக்கும் சேர்த்து இவர்மேல் வழக்குப் போட்டதாக நீதிமன்றப் பதிவு இருக்கிறது. வெளிச்சம் மேலிருந்து விழட்டும் என்றுதான் மச்சை உடைத்தார் என்று சிலர் ஊகிக்கிறார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ஆனால் குடித்துவிட்டு உடைத்திருக்கவும் நிறைய வாய்ப்புண்டு.

ஆகவே என் முன்மொழிவு: இருட்களம். களம் என்றால் நெற்களம், போர்க்களம்; ஏதோ ஒன்று நடக்கும் இடம். அடிப்பூச்சை ஓவியர்கள் 'கிரவுண்ட்' என்பார்கள். அதற்கும் களம் பொருந்துகிறது. டெனெப்ரிசம் என்பது இருட்களப் பாணி. அதில் வரைந்தவர் இருட்கள ஓவியர்.

– தஞ்சாவூர், ஓவிய ஆசிரியர்

* * *

தஞ்சாவூர் அண்ணனுக்கு,

டெனெப்ரே என்ற லத்தீன் சொல்லை எங்கள் வீட்டில் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஓவியத்துக்காக அல்ல. பழைய லத்தீன் வழிபாட்டு முறையில் புனித வாரத்தில் அந்தப் பெயரில் ஒரு செபம் உண்டு. முக்கோணத் தண்டில் பதினைந்து மெழுகுவத்தி ஏற்றி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு சங்கீதம் முடிந்ததும் ஒன்றை அணைப்பார்கள். கடைசி ஒன்றை மட்டும் அணைக்காமல் பீடத்துக்குப் பின்னால் மறைத்துவிடுவார்கள். கோயிலே இருட்டாகும்போது எல்லோரும் புத்தகத்தாலும் கையாலும் பலகையைத் தட்டிச் சத்தம் எழுப்புவார்கள். பிறகு அந்த ஒற்றைத் திரி திரும்பி வரும். பாட்டிக்கு அந்தச் சத்தம்தான் நினைவில் இருந்தது. இப்போதும் பாஸ்கா (ஈஸ்டர்) இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பாஸ்கா திரியிலிருந்து ஒவ்வொருவர் கையிலிருக்கும் மெழுகுவத்திக்கும் தீ மாறிக்கொண்டே போகும்போது, பக்கத்தில் நிற்பவரின் தாடையும் மூக்கும் மட்டும் தெரியும். அந்த நேரத்தில் சுற்றிப் பார்த்தால் எல்லோரும் நீங்கள் சொல்லும் படத்திலிருந்து இறங்கி வந்தவர்கள்தான்.

அதனால் 'இருள்' வேண்டும் என்பதற்கு என் ஓட்டு. ஆனால் நிழலை நீங்கள் வெறும் முட்டையின் நிழலாகச் சுருக்கிவிட்டீர்களே. "உன்னதமானவருடைய பலம் உன்மேல் நிழலிடும்" என்று மரியாளிடம் தூதன் சொல்கிறார். அங்கே நிழல் என்பது மங்கல் அல்ல, கடவுள் பக்கத்தில் வருவது.

இன்னொன்று. மத்தேயு படத்தில் வலப்பக்கம் மேலிருந்து சரியும் அந்த ஒளிக்குத் தனியாக ஒரு பெயர் வேண்டாமா? 'அருளொளி' என்று வைக்கலாமே. சாந்தா மரியா தெல் போப்பொலோ தேவாலயத்தில் உள்ள 'பவுலின் மனமாற்ற'த்தில் கிறிஸ்துவே இல்லை. குதிரையின் வயிற்றுக்குக் கீழே பவுல் கண்ணை மூடிக் கையை விரித்துக் கிடக்கிறார். வெளிச்சம் மட்டும்தான் வந்திருக்கிறது. அதை அருள் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

– தூத்துக்குடியிலிருந்து ஒரு தங்கை

* * *

அண்ணே, தப்பாக நினைக்காதீர்கள். 'இருட்களம்' பேய்ப்படத் தலைப்பு மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்று போஸ்டர் ஒட்டலாம்.

முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒரு பக்கம் விளக்கு வைப்போம். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்துவோம், வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நிழல் பக்கக் கன்னத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். உங்கள் முட்டையின் அடிவயிற்று வெளிச்சம் அதுதான். தெர்மாகோலை எடுத்துவிட்டுப் பின்னால் கறுப்புத் துணி கட்டினால் பாதி முகம் காணாமல் போகும். தெர்மாகோல் இருந்தால் ஒளிநிழல், எடுத்துவிட்டால் உங்கள் இருட்களம். அவ்வளவுதானே விஷயம்? மாப்பிள்ளை வீட்டார் முதலாவதுக்குத்தான் காசு கொடுப்பார்கள்.

ஒரு சந்தேகம். நாங்கள் எடுப்பதையே ஒருவர் நிழற்படம் என்கிறார், ஒருவர் ஒளிப்படம் என்கிறார், ஊரே புகைப்படம் என்கிறது. ஒளியா, நிழலா, புகையா என்று முடிவு செய்யாத ஊரில் நீங்கள் ரோமுக்குப் போய்விட்டீர்கள்.

– மதுரை, கேமராக்காரன்

* * *

புணர்ச்சி பற்றி மட்டும். 'இருட்களம்' சரியா என்று தனிமடலில் இருவர் கேட்டிருந்தீர்கள். இருளின் களம் என்று வேற்றுமையாகக் கொண்டால் ளகரம் டகரமாகத் திரியும், முட்செடி போல. இருளாகிய களம் என்று அல்வழியாகக் கொண்டால் திரிந்தும் வரலாம், திரியாமலும் வரலாம் என்று நன்னூலார் இடம் கொடுக்கிறார். எப்படிப் பார்த்தாலும் பிழையில்லை. தயவுசெய்து இதைச் சாக்கிட்டு யாரும் 'நாள்களா நாட்களா' பஞ்சாயத்தைத் திறக்க வேண்டாம். அங்கே 'கள்' விகுதி.

'ஒளியிருள்' பற்றி நான் இன்னும் கட்சி மாறவில்லை. ஆனால் வினைச்சொல் வாதம் கொஞ்சம் அசைக்கிறது.

– சேலம்

* * *

மதுரைத் தம்பி, ஒரு தெர்மாகோல் பலகையில் என் மடல் முழுவதையும் அடக்கிவிட்டாய். மான்சினி சொன்ன கறுப்புச் சுவர் அறையும் இதற்குத்தான். சுவரில் பட்டு எந்த வெளிச்சமும் திரும்பி வரக் கூடாது. அந்த உதாரணத்தை நூலில் அடிக்குறிப்பாகப் போடலாம் என்று கோவை அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன். பேய்ப்படம் என்ற குற்றச்சாட்டு இருக்கட்டும். முதல் பத்துத் தடவை அப்படித்தான் இருக்கும்.

தூத்துக்குடித் தங்கை சொன்ன நிழல் என்னை நேற்று ராத்திரி தூங்கவிடவில்லை. நீற்றறையில் கிடந்து பாடியதாகச் சொல்லப்படும் அப்பர் கேட்டதும் "இணையடி நீழ"லைத்தான். வெயில் கொளுத்தும் நாட்டில் நிழல் என்றாலே புகலிடம். பழைய உரைகளில் 'நிழல்' என்பதற்கு 'ஒளி' என்றே பொருள் எழுதியிருக்கும் இடங்களும் உண்டு. இதெல்லாம் எனக்கு எதிராக வரும் என்று பயந்தேன். யோசித்துப் பார்த்தால் சாதகமாகத்தான் வருகிறது. தமிழ் நிழலுக்குள் கொஞ்சம் ஒளி எப்போதும் இருக்கிறது, முட்டையின் அடிவயிற்றில் இருந்ததுபோல. ஒளிநிழலுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. அதே காரணத்துக்காக, தெர்மாகோலை எடுத்துவிட்ட படத்துக்கு அந்தச் சொல் ஆகாது.

'அருளொளி'க்கு மட்டும் நான் தலையாட்ட மாட்டேன், மன்னிக்க வேண்டும். முதலாவது, தமிழில் அருளையும் ஒளியையும் சேர்த்துச் சொன்ன மறுநொடி வாசகர் வடலூரில் இருப்பார். அருட்பெருஞ்ஜோதியைத் தாண்டி அவரை ரோமுக்குக் கூட்டிப்போவது பெரும்பாடு. இரண்டாவதுதான் முக்கியம். கலைச்சொல் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும், அதன் பொருளை முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. மத்தேயு படத்தில் மேலே ஒரு ஜன்னல் இருக்கிறது, குறுக்குச் சட்டம் சிலுவை போல. அதற்கு நேர் கீழே கிறிஸ்துவின் கை. ஆனால் அந்த ஜன்னல் வழியாகச் சொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. வெளிச்சம் படத்துக்கு வெளியே, வலப்பக்கம் எங்கிருந்தோ வருகிறது. அது கதவாக இருக்கலாம், சிற்றாலயத்தின் பீடத்துக்கு மேலுள்ள உண்மையான ஜன்னலின் தொடர்ச்சியாக இருக்கலாம், அருளாகவும் இருக்கலாம். மூன்றில் எது என்று கரவாஜ்ஜோ சொல்லாமல் விட்டதில்தான் படமே நிற்கிறது. நாம் அருளொளி என்று சீட்டு ஒட்டிவிட்டால் பார்ப்பவருக்கு வேலை போய்விடும். 'படத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒளி' என்று நீட்டி எழுதுவதில் ஒன்றும் குறையில்லை. எல்லாவற்றுக்கும் சொல் ஆக்கித்தான் தீர வேண்டும் என்பது இந்தக் குழுவின் வியாதி, என்னையும் சேர்த்து.

ஆனால் விளக்கு படத்துக்குள்ளேயே இருந்தால் அதற்கு ஒரு சொல் தேவைதான். 'உட்சுடர்' என்று வைக்கலாமா? லொரேன் பகுதியைச் சேர்ந்த ழார்ழ் தெ லா தூர் 1642 வாக்கில் வரைந்த 'தச்சர் யோசேப்பு' இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யோசேப்பு குனிந்து மரத்தில் துளை போடுகிறார். எதிரே சிறுவன் இயேசு மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு, சுடர் அணையாமல் இன்னொரு கையால் மறைக்கிறான். கரண்ட் போன ராத்திரியில் நாமெல்லாம் சின்ன வயதில் செய்த வேலைதான்: சுடரை உள்ளங்கையால் மறைத்தால் விரலிடுக்கு செக்கச்செவேலென்று தெரியுமே, அந்தச் சிவப்பை அப்படியே வரைந்திருக்கிறார். தரையில் கிடக்கும் கட்டை பின்னால் வரப்போகும் சிலுவை மரம் என்பார்கள். எனக்கு அந்த விரல்கள் போதும். இதே வேலையில் பெயரெடுத்த உட்ரெக்ட் ஓவியர் ஹொந்தோர்ஸ்டை இத்தாலியர்கள் 'இரவுகளின் கெரார்தோ' என்றே அழைத்தார்கள்.

உட்சுடரிலும் ஒரு வம்பு உண்டு. 1602-ல் கரவாஜ்ஜோ வரைந்த 'கிறிஸ்துவைப் பிடித்தல்' டப்ளினில் இருக்கிறது. நெடுங்காலம் அது ஹொந்தோர்ஸ்ட் வரைந்தது என்று நம்பி, ஏசுசபை இல்லத்தின் சாப்பாட்டு அறையில் மாட்டியிருந்தார்கள். 1990-களில்தான் யார் கை என்று தெரிந்தது. அதில் வலது ஓரத்தில் ஒருவன் லாந்தரைத் தூக்கிப் பிடிக்கிறான்; அது ஓவியரின் முகமே என்கிறார்கள். லாந்தர் எரிகிறது, ஆனால் யூதாஸின் நெற்றியிலும் போர்ச்சேவகனின் இரும்புக் கையிலும் பளபளப்பது அந்த வெளிச்சம் அல்ல. அது இடப்பக்கம் மேலிருந்து வருகிறது. மனிதன் தூக்கிய விளக்கால் ஒன்றும் தெரியவில்லை. அங்கே குறியீடு லாந்தரில் இருக்கிறதா, அது பயன்படாமல் போனதில் இருக்கிறதா என்று அம்மா மொழிபெயர்க்கும் நூல் பேசினால் எனக்கும் சொல்லுங்கள்.

குழந்தையே ஒளிர்வது மூன்றாவது வகை. பதினான்காம் நூற்றாண்டில் ஸ்வீடனின் பிரிஜித்தம்மாள் கண்ட காட்சியில், தொழுவத்துக் குழந்தையின் ஒளியில் யோசேப்பு கொண்டுவந்த மெழுகுவத்தி ஒன்றுமில்லாமல் போகிறது. கொரெஜ்ஜோ அதை வரைந்தார், 1622-ல் ஹொந்தோர்ஸ்டும் வரைந்தார். இதற்குத் 'தன்னொளி' போதும்.

நிறத்துக்கு வருகிறேன். 'நிறக்குறியீடு' என்றே எழுதுங்கள். வண்ணம் என்றால் டப்பாவில் இருக்கும் பெயிண்ட் நினைவுக்கு வரும், தமிழாசிரியர்களுக்கு யாப்பு நினைவுக்கு வரும். இருட்களப் படத்தில் நிறங்களுக்கு என்ன ஆகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. சாதிலிங்கச் சிவப்பையும் நீலத்தையும் கரவாஜ்ஜோ தொடவே மாட்டார், தொட்டாலும் மட்டுப்படுத்துவார், அவை நிறங்களுக்கு நஞ்சு என்று சொன்னார் என்கிறது பெல்லோரி. முழு உண்மை இல்லை. லூவ்ரில் உள்ள 'மரியாளின் மரண'த்தில் மேலே தொங்கும் பெரிய திரையும் சிவப்பு, இறந்து கிடப்பவரின் உடையும் சிவப்பு. ஆனால் நீலத்தை ஒதுக்கினார் என்பது பெரும்பாலும் சரி. அதுதான் வலித்திருக்கும். ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லை அரைத்து எடுத்த நிறத்தை மரியாளின் போர்வைக்கு என்றே எத்தனையோ தலைமுறை எடுத்துவைத்திருந்தது. இவர் படத்தில் வயிறு உப்பிய ஒரு சாதாரணப் பெண் செத்துக் கிடக்கிறாள், தலைக்குப் பின்னால் நூலிழை போல ஓர் ஒளிவட்டம். தங்கள் கோயிலுக்காக வரைந்த படத்தைக் கார்மேல் சபைத் துறவிகள் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். ஓவியர் ரூபென்ஸ் சொல்லி மாந்துவா கோமகன் வாங்கிக்கொண்டார்.

ஸ்பெயினில் வேறு கதை. செவிலைச் சேர்ந்த ஓவியர் பச்சேகோ, 1649-ல், தாம் இறந்த பிறகு வெளிவந்த நூலில், அமலோற்பவ மாதாவுக்கு (பிறவிப் பாவம் இல்லாமல் உருவான மரியாளுக்கு) வெள்ளை உடை, நீலப் போர்வை, தலையைச் சுற்றிப் பன்னிரண்டு நட்சத்திரம், காலடியில் கொம்பு கீழ்நோக்கிய பிறை என்று அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டார். 1563-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் படங்களில் ஒழுங்கு வேண்டும் என்று சொன்னதன் தொலைதூர எதிரொலி இது. அவருடைய மாணவரும் மருமகனுமான வெலாஸ்கெஸ் இருபது வயதுக்குள் வரைந்த அமலோற்பவ மாதாவுக்கு உடை வெள்ளை அல்ல, ரோஜாச் சிவப்பு. மாமனார் என்ன சொன்னாரோ.

அம்மா கவனிக்க வேண்டியது இதுதான்: பரோக் என்றாலே இருட்களம் என்று வாசகர் நினைத்துவிடக் கூடாது. செவில் ஓவியர் முரிய்யோவின் மாதாக்கள் வெண்ணெய் போன்ற பொன்மேகத்தில் மிதக்கிறார்கள். அங்கே இந்தச் சொல்லைப் போட்டால் தவறு. இன்னொரு ஸ்பானிய ஓவியர் சுர்பரானின் 1627-ஆம் ஆண்டுச் சிலுவைப்படம் முழுக்க இருட்களம். இடுப்பில் சுற்றிய வெள்ளைத் துணி, கறுப்புக்கு முன்னால் கையால் எடுத்துவிடலாம் போல நிற்கும். இன்னொரு எச்சரிக்கை: நானூறு ஆண்டுகளில் எண்ணெய்ப் பூச்சு மெலிந்து, அடியிலுள்ள கருந்தளம் மேலே எட்டிப் பார்க்கும். இன்று நாம் காணும் இருட்டு எல்லாமே ஓவியர் கேட்ட இருட்டு அல்ல.

– தஞ்சாவூர்

* * *

எல்லோருக்கும் நன்றி. ஒரு பத்தியில் வைத்துப் பார்த்தேன்:

"மத்தேயு படத்தில் கரவாஜ்ஜோ, லியொனார்தோ காலத்து ஒளிநிழலை விட்டு இருட்களத்துக்கு நகர்கிறார். முகங்கள் இன்னும் ஒளிநிழலில் உருண்டு நிற்கின்றன. ஆனால் அறை இருட்களத்தில் கரைந்துவிடுகிறது. உட்சுடர் எதுவும் இல்லை."

மூன்று சொல்லும் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கின்றன. முதல் தடவை மட்டும் டெனெப்ரிசம் என்று பக்கத்தில் எழுதிவிட்டு அப்புறம் இருட்களப் பாணிதான். 'அருளொளி' எடுக்கவில்லை, தூத்துக்குடி அக்கா கோபிக்கக் கூடாது. பதினைந்து மெழுகுவத்தியைச் சொற்பிறப்புக் குறிப்பில் சேர்த்திருக்கிறேன். தெர்மாகோல் அடிக்குறிப்பில் இருக்கிறது. பதிப்பாசிரியர் அதை வெட்டினால் சண்டை போடுவேன்.

சேலத்து ஐயா, 'மிகை ஒளியிருள்' என்று எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே 'மிகையான மிகை ஒளியிருள்' தேவைப்பட்டது.

அடுத்த அத்தியாயத்தில் ஸ்ஃபுமாட்டோ வருகிறது. ஓரங்கள் கலங்கி, கோடே இல்லாமல் ஒரு சாயல் இன்னொன்றில் கரைவது. வேர்ச்சொல் புகை. மதுரை அண்ணன் இப்போதே வாயைத் திறப்பார் என்று தெரியும். புகைப்படம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

– கோவை